முதலியார் ஐயா சொன்ன தவணை

எனக்கு மூன்று மொழிகளில் பகிடி விட வரும். மூன்றிலும் என் மனைவி ரபீகா சிரிப்பதில்லை. ஒரே ஆளிடம் இருபத்தேழு வருடமாக மூன்று மொழிகளிலும் தோற்றுக்கொண்டிருப்பவன் என்ற வகையில், எனக்குப் பொறுமை உண்டு என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன்.

மிஸ், சட்டத்தரணியாக, அதாவது வக்கீலாக, நீங்கள் கேட்டது ஒரு பக்கச் சத்தியக்கடதாசி, கோர்ட்டில் கொடுக்கிற சத்திய வாக்குமூலம். என்னை அண்ணன் முறை வைத்து, "நானா, நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க, பகிடி வேணாம்" என்றீர்கள். முயன்று பார்த்தேன். பகிடியை எடுத்துவிட்டால் என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும்தான் மிஞ்சுகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். ஒன்றும் தெரியாதவர் வாசித்தாலும் விளங்க வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

என் பெயர் பஹ்மி. வீடு திகனையில். கண்டிக்குச் சற்று வெளியே ஒரு நீதவான் நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடமாக உரைபெயர்ப்பாளர். நீதிமன்றத்தின் பெயரை எழுதவில்லை. தப்பு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல. எங்கள் தொழிலுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த பெயர் முதலியார். அது சாதியைக் குறிப்பதில்லை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற சனங்கள் என் தலையில் இருக்கும் தொப்பியைப் பார்த்துக்கொண்டே 'முதலியார் ஐயா' என்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் இருப்பதில்லை. எனக்குத்தான் ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று.

வேலை இலேசானது. நீதவான் சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். எதிரி தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் எதிரி என்போம். யாருக்கு எதிரி என்று நான் கேட்டதில்லை.

நடைபாதையில் குடிதண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஓர் அறிவித்தல் தொங்குகிறது. அதன் தமிழ் என்னுடையது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். நீதிபதியின் முன் கொண்டுபோக வேண்டும். சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். குற்றவாளி என்று நிரூபிக்கும்வரை சுற்றவாளியாக, அதாவது குற்றம் செய்யாதவராகவே, கொள்ள வேண்டும். இவை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் உறுப்புரை. நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு அரசாங்கம் உரைபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது இருபத்து நான்காம் உறுப்புரை. அதற்குக் கை கால் முளைத்துத் தொப்பியும் போட்டால் அது நான்தான். அந்த அறிவித்தலை மூன்று நாள் உட்கார்ந்து சம்பளமில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். நல்ல தமிழ். ஆனால் அதை ஒருவர் நின்று வாசித்து நான் கண்டதில்லை. தண்ணீர் குடிக்கிறவர் குனிந்துதானே குடிப்பார்.

முதல் சில வருடங்கள் நான் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டேன். குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டு, பதில் வரும்வரை நின்றேன். நின்றுகொண்டே ஒன்றைக் கவனித்தேன். சுற்றவாளி என்று சொன்னவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். வழக்கு விசாரணைக்குப் போகும். பிணைக்கு இரண்டு ஆள் வேண்டும், அந்த ஆட்களுக்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். லயத்து வரிசை வீட்டிலிருந்து வருகிறவருக்கு யார் பிணை நிற்பார்கள். பிணை இல்லாவிட்டால் விளக்கமறியல், தீர்ப்புக்கு முன்னமே சிறை. ஏழெட்டுத் தவணை, அதாவது வழக்கை ஒத்திவைக்கிற நாட்கள். குற்றத்தை ஒத்துக்கொண்டவர்களோ தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் பன்விலவுக்குப் போய்விட்டார்கள்.

நான் இரக்கமுள்ளவன். என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள், ரபீகா உட்பட. அதனால் காலையிலேயே நடைபாதைக்குப் போய், தோட்டத்து ஆட்களைத் தேடிப் பிடித்துச் சொல்லத் தொடங்கினேன். "ஒத்துக்கிட்டா ரெண்டு மணி பஸ்ஸு. இல்லாட்டி அடுத்த வருஷம்." அவர்கள் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் விடியற்காலை பிரட்டுக்களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ கொழுந்து என்று சொல்வார்கள். சனங்கள் தலையாட்டும். அது சம்மதம் இல்லை. காதில் விழுந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். மேலே நிற்கிறவர் எது சொன்னாலும் அந்தத் தலை ஆடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதைச் சிங்களத்தில் 'குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார்' என்று சொன்னேன். போகப் போகத் தலை ஆடி முடியும்வரைகூட நிற்பதில்லை.

என்னால் அன்றன்றைய வழக்குப் பட்டியல் மத்தியானத்துக்குள் முடிந்தது. மாற்றலாகிப் போன ஒரு நீதவான், பஹ்மி இருக்கும் இடத்தில் வழக்குகள் தேங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நீதவான்கள் யார்மீதும் பிழை இல்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதற்காகத்தானே நான்.

ஜெயராஜை நான் முதலில் பார்த்தது ஆறு வருடத்துக்கு முன்னால். பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டம். தோட்டத்து மரத்தில் விறகு வெட்டினார் என்று குற்றச்சாட்டு. காற்றில் முறிந்து விழுந்த கிளையைத்தான் பொறுக்கினேன் என்று நடைபாதையில் என்னிடம் சொன்னார். முறிந்த கிளைக்கும் வெட்டின கிளைக்கும் உள்ள வித்தியாசத்தை நிரூபிக்க ஒரு வருடம் ஆகும் என்று விளக்கினேன். தலையாட்டினார். இரண்டு மணி பஸ்ஸில் போனார். இரண்டாவது தடவை உர மூட்டை. அவர் தூக்கவில்லை, தூக்கினவர்கள் போன வழியில் நின்றார். அன்றைக்கும் இரண்டு மணி பஸ். போகும்போது என்னைக் கும்பிட்டார். "ஐயா இல்லாட்டி நாங்க எங்க போவோம்" என்றார். இப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். என் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது தடவை போன வருடம் பெப்ரவரியில். தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் ஒன்றைக் காணவில்லை. பொலிஸ் நேராக ஜெயராஜ் வீட்டுக்குப் போனது. மோட்டர் அங்கே இருக்கவில்லை. ஆனால் முன்பு இரண்டு களவுகளை ஒத்துக்கொண்ட மனிதர் இருந்தார்.

காலையில் வழக்கம்போல அவரைத் தேடிப் போனேன். பொலிஸ்காரரின் பக்கத்தில் குந்தியிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். வழக்கமான தலையாட்டல் இல்லை.

"இல்லீங்க ஐயா. இந்தத் தடவ முடியாதுங்க" என்றார். "மோட்டர நா தொடவே இல்ல. அன்னைக்கு முழுக்கப் புள்ளைய கூட்டிக்கிட்டு கண்டி ஆஸ்பத்திரியில இருந்தேன், கண்ணு கிளினிக்குக்கு. இந்தா பாருங்க கொப்பி. சீலு அடிச்சிருக்கு."

கிளினிக் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். நீல முத்திரை, தெளிவான தேதி. டொக்டரின் கையெழுத்து மட்டும்தான் விளங்கவில்லை.

"போன ரெண்டு தடவையும் நீங்க சொன்னீங்கன்னுதான் தலையாட்டுனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, யோசனையோடு சொன்னார். "இப்ப தோட்டத்துல ஒரு வாளி காணாமப் போனாலும் எங்க வாசல்லதான் வந்து நிக்கிறாங்க. எம்மக ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. கள்ளன் மகள்னு சொல்றாங்களாம். இன்னைக்கு இதெல்லாத்தையும் ஜட்ஜ் ஐயாகிட்ட சொல்லணும். நீங்க அப்படியே எடுத்துச் சொல்லுங்க. தண்டன குடுத்தாலும் பரவால்ல, நா இல்லேன்னு சொன்னேன்னு அங்க எழுதியிருக்கணும்."

"சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

மிஸ், அந்த மனிதர் கேட்டது அவ்வளவுதான். விடுதலையைக்கூட அவர் கேட்கவில்லை.

அன்றைக்கு முப்பத்தொரு வழக்கு. அவருடையது இருபத்திரண்டாவது. குற்றச்சாட்டை வாசித்தார்கள். நான் தமிழில் சொன்னேன், இந்தத் தடவை முழுவதையும், ஒரு சொல் விடாமல். குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டுவிட்டு நின்றேன். ஜெயராஜ் எதிரிக்கூண்டில் நிமிர்ந்து நின்று, கொப்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் செய்யவில்லை என்றார். கிளினிக்கைச் சொன்னார். பிறகு, போன இரண்டு வழக்குகளிலும் தான் ஒன்றும் செய்யவில்லை என்றும், முதலியார் ஐயா தலையாட்டச் சொன்னதால்தான் ஆட்டினேன் என்றும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். என்மேல் குறை சொல்வதாக அவர் நினைக்கவில்லை. அதற்கும் நானே சாட்சி என்று நினைத்திருப்பார்.

அந்த வசனத்தை நான் சிங்களத்தில் நீதவானிடம் சொல்ல வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் பரம்பரைக் காணிச் சண்டைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். தூஷண வார்த்தைகளை, பெண்கள் இருக்கும் சபையில், முகம் மாறாமல் மொழிபெயர்த்திருக்கிறேன். எனக்குக் கடினமாக இருந்த வசனம் அது ஒன்றுதான்.

"குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார்" என்றேன்.

நீதவான் கவனமான மனிதர். நிமிர்ந்து பார்த்து, இவ்வளவு நேரம் பேசினாரே, வேறென்ன சொல்கிறார் என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கிறார், சிறு பிள்ளை இருக்கிறதாம் என்றேன். கையில் என்ன என்று கேட்டார். பிள்ளையின் கிளினிக் கொப்பி, இரக்கம் காட்டச் சொல்லிக் காட்டுகிறார் என்றேன். குற்றச்சாட்டு விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றேன். சட்டத்தரணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாமாம் என்றேன்.

பாருங்கள், அரசியலமைப்பு அன்றைக்கு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளும் கேட்கப்பட்டன. நான் மட்டும்தான் நடுவில் நின்றேன்.

அந்த நேரத்தில் நான் நினைத்ததையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். சுற்றவாளி என்றால் மறியலுக்குப் போவார், பிள்ளையின் கண்ணைப் பார்க்க ஆள் இருக்காது. ஒத்துக்கொண்டால் தண்டப்பணம், பஸ், வீடு. அவருடைய நன்மைக்காகத்தான் என்று நினைத்தேன். மற்றக் காரணம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலாவதற்கு மிகக் கிட்டத்தில் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் பொலிஸ் சார்ஜன்ட் எழுந்து பழைய குற்றப் பதிவை நீட்டினார். இரண்டு களவு, இரண்டையும் எதிரியே ஒத்துக்கொண்டது. நீதவான் அதைப் படித்தார். இரண்டு வருடக் கடூழியச் சிறை.

ஜெயராஜ் என் பக்கம் திரும்பினார். "என்னாங்கய்யா சொன்னாரு?"

இரண்டு வருடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வாயால் பேசி முடித்த சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது.

"பதினாலு நாள் தவணை" என்றேன். "அன்னைக்கு உங்கள விசாரிப்பாரு."

"கொப்பி?"

"குடுங்க, நான் வச்சிருக்கிறேன்."

"நல்லதுங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

தண்டனைக்கு எதிராக மேன்முறையீடு செய்யச் சட்டம் தருகிற காலமும் பதினான்கு நாள். இந்த இரண்டு பதினான்கும் ஒத்துப்போனது தற்செயல் என்று உங்களிடம் ஒரு தடவை சொன்னேன். அது தற்செயல் இல்லை.

பகல் சிறை வண்டி வருவதற்கு முன் நீதிமன்றத்துக் கைதிக் கூட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். உள்ளே தண்டனைக் கைதிகளின் வெள்ளை உடுப்பைத்தான் தருவார்கள், விளக்கமறியலில் இடமில்லாததால் அப்படி, பயப்பட வேண்டாம் என்றேன். உள்ளே இருக்கிறவர்கள் கண்டதையும் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றேன். யார் எந்தக் கடதாசியை நீட்டினாலும் என்னைக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றேன். இந்தக் கடைசி அறிவுரை, பொதுவாகப் பார்த்தால், நல்ல அறிவுரை.

பதினான்காம் நாள் அவருடைய மனைவி சர்மிளா வந்தாள். ஒல்லியான பெண். விடியற்காலை மலையிறங்கி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அன்றைக்குத் தோட்டத்தில் அவளுக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் போயிற்று. நடைபாதையில் அவளைத் தனியே கூப்பிட்டு, நீதவான் லீவு, இன்னும் பதினான்கு நாள் தவணை என்றேன். எதிர்க் கடையில் பிளேன்டீயும் ஒரு பணிஸும் வாங்கிக் கொடுத்தேன். அழுதாள். என்மேல் கோபம் இல்லை, பணிஸ் வாங்கிக் கொடுத்ததற்காக அழுதாள்.

அதன் பிறகு ஒவ்வொரு இரண்டாவது வெள்ளியும் வந்தாள். சாட்சி வரவில்லை, பொலிஸ் வரவில்லை, கோப்பு வரவில்லை என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இவை எல்லாம் எங்கள் நீதிமன்றத்தில் உண்மையாகவே நடப்பவைதான், அவளுடைய வழக்கில் நடக்கவில்லை என்பதைத் தவிர. சொன்னதை அவள் சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் சொன்னாள். அவர் நம்பினாரா, நம்ப விரும்பினாரா, எனக்குத் தெரியாது. இரண்டு தடவை நான் சொன்னபடி இரண்டு மணி பஸ் கிடைத்ததல்லவா.

எதிரே உங்கள் சட்ட உதவி மேசை இருந்ததே, அவளை ஏன் அங்கே அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அவளே ஒரு நாள் கேட்டாள். "அந்த மிஸ்ஸுகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுங்களா?" சட்டத்தரணி வந்தால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும், வேண்டாம் என்றேன். தலையாட்டினாள்.

கொப்பியையும் கேட்டாள். "கண்ணு கிளினிக்குல கொப்பி இல்லாம பாக்க மாட்டேங்கறாங்கய்யா. புதுசா போடணும்னா மறுபடி மொதல்லேருந்து வரணுமாம்." கொப்பி கோர்ட்டில் இருக்கிறது, சாட்சிப் பொருள் என்றேன். அது என் வீட்டு அலுமாரியில், ரபீகாவின் கலியாணப் புடவைக்குக் கீழே இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் யாராவது தேதியைப் பார்த்திருப்பார்கள். கிளினிக்கில் முதலிலிருந்து வரிசையில் நின்றாலும் பிள்ளையின் கண்ணை எப்படியும் ஒரு நாள் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கிவிட்டதாகப் பிறகு சொன்னாள். மற்றக் கண் நன்றாகவே இருக்கிறது.

வரும்போதெல்லாம் ஒரு பை போஞ்சி, பச்சை பீன்ஸ், கொண்டுவருவாள். லயத்துக்குப் பின்னால் போட்டதாம். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள்.

ரபீகா ஒரு நாள் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆருங்க இந்தப் போஞ்சி தார?" என்று கேட்டாள்.

"ஒரு எதிரிட பொஞ்சாதி."

"அவங்களுக்கு நீங்க எனத்த செஞ்சீங்க?"

"தவண சொன்ன."

"தவண சொன்னதுக்கு யாரும் போஞ்சி தாறல்ல" என்றாள். பிறகு, "நீங்க இவ்வளவு நல்லவரா இரிந்தா எனக்குப் பயமா இரிக்கி" என்றாள். நான் அதற்கு ஒரு பகிடி சொன்னேன். சிரிக்கவில்லை. ஆனால் போஞ்சியைச் சமைத்தாள். நானும் சாப்பிட்டேன். நல்ல போஞ்சி.

இப்படி ஒன்பது மாதம். நவம்பரில் ஒரு வெள்ளி, சிறை வாசலில் ஒரு நோனா, சிறை அதிகாரி அம்மா, அடுத்த ஓகஸ்ட் என்று ஏதோ எழுதிக் காட்டினார், அது என்ன என்று சர்மிளா நடைபாதையில் என்னைக் கேட்டாள். நன்னடத்தைக்காகக் கழித்தது போக அவர் விடுதலையாகும் மாதம் அது; வேறு யாருடையதோ என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த நீங்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பினால் நீங்கள். பெயர் ஆஸிகா, சட்ட உதவி மேசையில் புதிதாக வந்த சட்டத்தரணி என்பதற்கு மேல் உங்களைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளிடம் வழக்கு இலக்கத்தைக் கேட்டீர்கள்.

மூன்று நாளில் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டீர்கள். சிறைக்கும் போய் வந்துவிட்டீர்கள். கண்டி ஆஸ்பத்திரியின் பதிவில் அந்தத் தேதி இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். ஜெயராஜ்தான் உங்களுக்கு ஒத்துவரவில்லை. தனக்கு இன்னும் விசாரணையே நடக்கவில்லை என்றாராம். தண்டனை என்று நீங்கள் சொன்னதற்குச் சிரித்தாராம். மேல் நீதிமன்றத்துக்குப் போட வேண்டிய கடதாசியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முதலியார் ஐயா வந்து சொல்லட்டுங்க" என்றாராம்.

அதன் பிறகுதான் என்னிடம் வந்தீர்கள். சத்தம் போடுவீர்கள் என்று நினைத்தேன்.

"நானா, எங்க பிழை நடந்ததுன்னு பொறகு பாப்போம்" என்றீர்கள். "மொதல்ல அந்த மனுசனுக்கு உண்மையச் சொல்லுங்க. ஒங்கட வாயால சொன்னாத்தான் கேப்பார். அவர் கையெழுத்து வெச்சா, நீங்க நடந்தத எழுதித் தந்தா, அவர வெளிய எடுக்க ஏலும்." போகும்போது திரும்பி, "நீங்க எழுதுறது ஒங்களுக்கே எதிரா வரலாம். எழுத முந்தி ஒரு சட்டத்தரணியக் கண்டு பேசுங்க. அது ஒங்கட உரிமை" என்றீர்கள்.

அந்த வசனத்தை நான் ஆயிரம் தடவை மொழிபெயர்த்திருப்பேன். எனக்காக ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். எவ்வளவு ஆறுதலான வசனம் என்று அதுவரை தெரியாது.

மறு வாரம் உங்களுடன் சிறைக்கு வந்தேன். திகனையிலிருந்து கண்டிக்குப் போகிற வழியில் அந்த மதிலைத் தினமும் பஸ்ஸில் தாண்டுகிறவன்தான். அந்தப் பக்கத்து ஆசனத்தில் உட்காராமல் இருக்கப் பழகியிருந்தேன். நீங்கள் வெளியே நின்றுகொண்டு என்னை மட்டும் முதலில் அனுப்பினீர்கள். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். என்ன சொல்வது என்பதை உங்கள் காரில் வரும்போதே மனதில் எழுதி வைத்திருந்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மெலிந்திருந்தார். வெள்ளை உடுப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. என்னைக் கண்டதும் முகம் விரிந்தது.

"ஐயாவே வந்துட்டீங்க. அப்ப தவண கிட்டத்துலதான்."

மனதில் எழுதி வைத்திருந்த முதல் வசனத்தைத் தேடினேன்.

"இங்க எல்லாரும் சிரிக்கிறாங்கய்யா. ஒனக்குத் தீர்ப்பு எப்பவோ முடிஞ்சிருச்சுன்னு சொல்றானுங்க. எங்க முதலியார் ஐயா பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லிட்டேன். எப்பங்க?"

"ஓகஸ்ட்ல" என்றேன். "ஓகஸ்ட்ல கட்டாயம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"அன்னைக்கு நா பேசலாமுங்களா?"

"பேசலாம்."

"அப்ப அந்த மிஸ்ஸு குடுத்த கடதாசி?"

"அவங்க நல்லவங்கதான். ஆனா அதுல கையெழுத்து வச்சா ஓகஸ்ட் தள்ளிப் போகும்."

"அப்ப வேணாங்க" என்றார்.

வெளியே வந்து உங்களிடம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழுதார், தான்தான் மோட்டரை எடுத்ததாக ஒத்துக்கொள்கிறார், மனு வேண்டாம் என்கிறார் என்றேன். நீங்கள் நம்பவில்லை. நீங்களே உள்ளே போனீர்கள். "வேணாங்க மிஸ், விட்டுருங்க" என்று அவர் தன் வாயாலேயே சொன்னார். திரும்பி வந்து காரில் ஏறி, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, சாவியைப் போடாமல் உட்கார்ந்தீர்கள். "ஆஸ்பத்திரி தேதி எப்படி நானா?" என்று கேட்டீர்கள். களவு முந்திய நாளாக இருக்கலாம் என்றேன். நீங்கள் ஆறு மாதமாகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். அழுகையை அடக்கத் தெரியவில்லை. எனக்கு உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை, மிஸ். ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. விறகு, உர மூட்டை, மோட்டர், எதையும். ஒத்துக்கொண்டதெல்லாம் நான்தான், அவருடைய பெயரில்.

நீங்கள் கேட்டதற்கு மேலாகவே எழுதிவிட்டேன். கையெழுத்தும் வைத்திருக்கிறேன். உறையில் உங்கள் முகவரி எழுதி, முத்திரையும் ஒட்டியாயிற்று. ஓகஸ்ட்டில் அவர் வெளியே வந்த மறுநாள் காலையில் தபாலில் சேர்ப்பேன். இப்போதே அனுப்பினால் நீங்கள் அன்றைக்கே ஓடிப்போய் அவரிடம் சொல்லிவிடுவீர்கள், உங்கள் சுபாவம் அப்படி. உள்ளே இருக்கிற மனிதருக்கு அந்த ஒரு தவணைதான் மிச்சம். அதை அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.